ஈரத்துணி

அந்த வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்கு இடமில்லாத நாள் உண்டு, பூவுக்கு இடமில்லாத நாள் கிடையாது. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள்: அந்த அக்கா, அவர் கணவர், ஒரே மகள். ஃபிரிட்ஜைத் திறந்தால் தயிர்ச் சட்டியை மூலைக்குத் தள்ளிவிட்டு எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம், இன்னொன்றில் சாமி படத்துக்கு உதிரிப் பூ, மற்றொன்றில் நாளைக்கு மலர வேண்டிய மொட்டு. அந்த வீட்டு இட்லியில்கூட லேசாக மல்லிகை வாசம் அடிக்கும். அக்காவின் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர், வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஒருநாள் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் தேடித் தோற்றுவிட்டு என்னிடம், "மனுசனுக்குத்தாம்மா இந்த ஊட்ல எடம் பத்தல, பூவுக்கு நல்லாவே கீது" என்றார். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்கும் பூவுக்கும் ஆகவே ஆகாது. நான் நிலக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். விடிவதற்குள் மொட்டு கிள்ளி முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பனியில் பாவாடை நனைந்து காலில் ஒட்டும். எங்களுக்குப் பூ என்றால் எடை, அவ்வளவுதான். சந்தையில் மூட்டையை இறக்கியதோடு எங்களுக்கும் அதற்கும் உறவு முடிந்தது. அப்புறம் யார் தலையில் இருந்தது, எந்தக் குப்பையில் கிடந்தது என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலையில் சேர்ந்தபோது, இனி இந்த ஜென்மத்தில் பூவைத் தொட வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். போயும் போயும் இந்த அக்கா வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன்.

பால் காய்ச்சிய அன்றே ஒரு முழம் மல்லிகையோடு மேலே வந்தார். எனக்கு வேண்டாம் அக்கா, தலை வலிக்கும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்துச் சரத்தை அதில் வைத்து மூடினார்.

"பூவ வோணான்னு மட்டும் சொல்லாதம்மா. வாங்கிக்கோ. புடிக்கலன்னா அப்பால எட்த்து வெச்சிரு. வாயால வோணான்னு சொல்லக் கூடாது."

தாலி கட்டிய பெண்ணிடம் பூவை நீட்டினால் அவள் மறுக்கக் கூடாது என்பது எங்கள் ஊரிலும் இருப்பதுதான். ஆனால் இவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்கும் ஒரு சின்னச் சரம் வரும், எனக்கும் லேசாகத் தலை வலிக்கும்.

பூவைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஏகப்பட்ட சட்டதிட்டம். மல்லிகையை வெள்ளைப் பருத்தித் துணியில்தான் சுற்ற வேண்டும், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும், ஒரு சொட்டு அதிகமானாலும் பூ அழுகும். கனகாம்பரத்துக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ரோஜாக் காம்பைப் பக்கெட் தண்ணீருக்குள் முக்கி வைத்து, உள்ளேயே சாய்வாக நறுக்க வேண்டும். தவனத்தையும் மகிழம்பூவையும் நிழலில் காய வைத்துப் புடவை அடுக்குக்குள் போட வேண்டும். இதெல்லாம் சரிதான். ஆனால் பூச்சாடித் தண்ணீரில் தலைவலி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார், அது ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஒருமுறை யாரோ கொடுத்த ஆர்க்கிட் பூவை அன்பு மிகுதியில் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, மறுநாள் வேகவைத்த கீரை மாதிரி வெளியே எடுத்தார். நாள் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அது பூதானே அக்கா என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு விழாவில் பொக்கே கொடுத்தார்கள். பளபள காகிதமும் ரிப்பனுமாக இருந்ததை இரண்டு நாள் மேஜையில் போட்டுவிட்டு, தலை தொங்கியதும் வீட்டுக்கு எடுத்துவந்து கேட்டுக்குப் பக்கத்துக் குப்பை வாளிமேல் வைத்தேன். அரைமணி நேரம் கழித்துக் கீழே போனால் அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் பொக்கே. ஒவ்வொரு ஜெர்பராவின் தண்டோடும் ஒரு ஈர்க்குச்சியை வைத்து நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தப் போயி தூக்கிப் போட்டுகீற. இன்னும் உசுரு கீதும்மா."

அதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. எந்தப் பூவைப் பார்த்தாலும் அதில் இன்னும் உயிர் இருக்கும். அந்த ஜெர்பராக்கள் கழுத்தில் கட்டுப்போட்ட நோயாளிகள் மாதிரி அவர் வீட்டு டிவி பக்கத்தில் ஒரு வாரத்துக்குமேல் நின்றன. அவர் மகள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். "யம்மா கிட்ட ஒப்படச்சா பொணத்தக்கூட எய்ப்பி உட்கார வெச்சிரும்க்கா" என்றாள். வாயில் கை வைத்துச் சிரிக்கும் பழக்கம் அவளுக்கு.

எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது அவள் சொன்னது என் நினைவுக்கு வந்தது. நல்ல வெயில். குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் மாலைகள் குவிந்துகொண்டிருந்தன. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, விரலால் தொட்டுத் தொட்டு மாலைகள்மேல் தெளித்தார். போனார், மறுபடி வந்து தெளித்தார். செத்தவருடைய தங்கைக்குக் கோபம் வந்து, இது என்ன சாமி படமா என்று கேட்டுவிட்டார். அக்கா குரலே உயர்த்தாமல், "இங்க கீற வரைக்கும் அவுரு நல்லா இருக்கட்டும்மா" என்றார். அந்த அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் கண் நிறைந்தது. அக்காமேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று என்று சொல்லலாம். ஊர்வலம் கிளம்பி மாலையைப் பிய்த்து ரோட்டில் வீசத் தொடங்கியதும் அவர் மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குமணன்சாவடி, டிராவல்ஸ் வண்டி சொந்தமாக வைத்து ஓட்டினார். பூந்தமல்லியில் மண்டபம். மேடையில் பாப்பாவின் கழுத்தில் விழுந்த மாலை ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கட்டியது, இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவள் அதன் கனத்தில் கொஞ்சம் குனிந்தே நின்றாள். கல்யாண மாலையை ஆணியில் மாட்டி வைத்து, காய்ந்ததும் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அக்காவுக்கு மனசு வரவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய மணலைச் சலித்து, அலசி, மொட்டை மாடியில் காய வைத்தார். எதற்கக்கா மணல் என்று கேட்டேன். சிரித்தார். மாலையின் நூலைப் பிரித்து, ஒவ்வொரு பூவாக அகலத் தட்டில் பரப்பி, மேலே மணலைச் சர்க்கரை தூவுவது மாதிரி தூவி மூடினார். கட்டிலுக்கு அடியில் வாரக்கணக்கில் அது இருந்தது. பிறகு பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகத் தூசி தட்டி, மறுபடி கோத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படியே மாலையாகத்தான் இருந்தது. ரோஜா கருஞ்சிவப்பாகியிருந்தது, சம்பங்கி பழைய பட்டு வேட்டியின் நிறம். தச்சரிடம் சொல்லிக் கண்ணாடி வைத்த பெட்டி செய்து, ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினார். உள்ளே பூச்சிக்குக் கற்பூரம், ஈரத்துக்கு உப்புப் பொட்டலம். மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தால், பாப்பா விட்டுவிட்டுப்போன ஹேர் டிரையரை எடுத்துப் பெட்டிக்குக் காற்றுக் காட்டுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் முன்னால் நிறுத்துவார். நானே பலமுறை நின்றிருக்கிறேன்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஒருநாள் பாப்பா தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் ஒரு பை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. குளி, சாப்பிடு, அப்புறம் பேசலாம் என்றார். எண்ணெய் தேய்த்து விட்டார், மீன் குழம்பு வைத்தார், மத்தியானம் முழுக்கத் தூங்க வைத்தார். சாயங்காலம் தலை பின்னிச் சரம் வைத்தார். நான்கைந்து நாளில் பெண் முகம் தெளிந்துவிட்டது. மாப்பிள்ளை வந்தார், அழைத்துக்கொண்டு போனார். அப்புறம் என்று சொன்ன பேச்சு வரவே இல்லை.

அவள் கிளம்பும் முன்பே நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பாப்பாவைப் பார்த்திருந்தேன். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை போட்ட சுடிதார். ஏன் என்று கேட்டேன். துணியை உதறிக்கொண்டே, "அவுரு கொஞ்சம் கை நீட்டுவாருக்கா" என்றாள், ஏதோ அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்வது மாதிரி. நான் நேரே கீழே இறங்கி அக்காவிடம் சொன்னேன். அவர் மொட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. புதுசில் அப்படித்தான் இருக்கும், போகப் போக ஒத்துப்போகும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடி போகப் போக ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். சாயங்காலம் வழக்கம்போல எனக்குச் சரம் வந்தது.

தீபாவளி கழிந்து பாப்பா மறுபடி வந்தாள். இந்த முறை உதடு வீங்கியிருந்தது. மறுநாளே அவள் மாமியாரும் வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வந்து உட்கார்ந்து, காபி குடித்து, ஹாலைச் சுற்றிப் பார்த்தவரின் கண் அந்தக் கண்ணாடிப் பெட்டிமேல் நின்றது. எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்தார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்.

"கண்ணாலத்து மாலய ஏரில உடாம, காய வெச்சிப் பொட்டி போட்டு ஊட்ல மாட்டிகினு கீறீங்களே சம்பந்தி. அப்பால அங்க ரெண்டும் எப்டி ஒத்துமையா கீறும்?"

அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்ததை நான் பார்த்தேன். அவர் அதை நம்பிவிட்டார். மாப்பிள்ளை கை நீட்டுவதற்கும், பாப்பா உதடு வீங்கியதற்கும், எல்லாவற்றுக்கும் காரணம் தான்தான் என்று அந்த நிமிஷத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதில் அவருக்கு ஒரு ஆறுதலும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. குற்றம் அந்தப் பையனிடம் இருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? தன்னிடம் இருந்தால் சரிசெய்துவிடலாமே. மாலைக்கும் அவன் கைக்கும் என்னக்கா சம்பந்தம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். பாப்பா என்னைவிட நேராகக் கேட்டாள்.

"மாலயா யம்மா என்ன அடிக்குது?"

அக்கா அவள் தலையைத் தடவினார். "அத்த எட்த்துட்டா எல்லாம் செரியாப் பூடும் பாப்பா. தப்பு எம்மேல கீது. உன் கண்ணாலத்துல இன்னும் உசுரு கீதுடி."

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனோம். அக்கா என்னையும் வரச்சொன்னார். பெட்டியிலிருந்து மாலையை எடுத்து, அதே வெள்ளைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகாயத்தாமரை இல்லாத ஒரு இடமாகப் பார்த்து இறங்கித் தண்ணீரில் விட்டார். பச்சை மாலை என்றால் நனைந்து மெல்ல அமிழ்ந்துவிடும். இது காய்ந்த மாலை, காகிதம் மாதிரி மிதந்தது. காற்று அதைத் திரும்பக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்தது. அவர் முழங்கால்வரை இறங்கி ஒரு குச்சியால் உள்ளே தள்ளினார். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினார். அழுதுகொண்டே தள்ளினார். பாப்பா மேலே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே இறங்கி அவர் கையிலிருந்து குச்சியை வாங்கி, மாலையை அழுத்திப் பிடித்து, நனைந்து கீழே போகும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று வாய்விட்டே சொன்னார். அந்த வாரமே பாப்பாவைக் குளிப்பாட்டி, புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆட்டோவில் ஏறும்போது தலையிலிருந்த பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த அக்காவை அதற்குமுன் நான் திட்டியிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். அன்றுதான் அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எது வந்தாலும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொண்டுபோய் வைக்கிற அந்தக் கை, அதைத்தான் சொல்கிறேன்.

சித்திரை மாதம் பாப்பா மூன்றாவது முறையாக வந்தாள். பை இல்லை, போன் இல்லை, காலில் செருப்பும் இல்லை. யாரோ ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவள் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அறைந்ததில் இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்தக் காதில் கேட்பது சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்ததும் அந்த மனிதர் மனைவியைப் பார்த்து, "இனிமே அனுப்பாத" என்றார். அவ்வளவுதான். அக்கா வழக்கம்போல வெந்நீர் வைத்தார், குழம்பு வைத்தார்.

சாயங்காலம் நான் கீழே போனபோது பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்கு இடப்பக்கமாகப் பின்னால் சரத்தோடு நின்றார். தலையைத் திருப்பு பாப்பா என்றார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள், ஃபேன் சத்தத்தில் அம்மா பேசுவதே அவள் காதில் விழவில்லை.  அக்கா சரத்தைக் கொண்டுபோய் டப்பாவுக்குள் வைத்து மூடினார். அன்று யார் தலைக்கும் பூ வரவில்லை, எனக்கும்கூட.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தது. அக்கா மாடிக்கு வந்து, "நீயும் வந்து குந்தும்மா" என்று மட்டும் சொன்னார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் படி இறங்கிவிட்டார். நான் என் கணவரிடம், மறுபடி அனுப்பத்தான் போகிறார், பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். வேறு விதமாக நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

முன்பக்கம் ஷீட் போட்ட இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமியார், மாப்பிள்ளை, அவருடைய பெரியப்பா ஒருவர். பெரிய தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள் குங்குமம், ஒரு புடவை, எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த மல்லிகைச் சரம். நல்ல பூ, மொட்டு அப்போதுதான் வாய் திறக்கிற பதம். மாமியார் எழுந்து தட்டை அக்காவிடம் நீட்டினார். நடந்தது நடந்துவிட்டது, மாலை விஷயத்தையும் சரிபண்ணிவிட்டீர்கள், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்றார்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.  அவர் கணவர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பினார். வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்த பாப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். தட்டை வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாப்பிள்ளை காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

அக்கா தட்டைக் கொண்டுபோய், ஷீட்டின் நிழல் முடிகிற இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்தார். அங்கே வெயில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பா பேச ஆரம்பித்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் சகஜம், பையன் எப்போதாவதுதான் குடிக்கிறான், கோபம் வந்தால் தெரிவதில்லை, மற்றபடி தங்கமான பையன், இப்படியே போயிற்று பேச்சு. நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து உள்ளே போவார், துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவருவார், பூவை மூடி எடுத்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்வீட்டுப் பிணத்தின்மேல் கிடந்த மாலைக்கே தண்ணீர் தெளித்தவர். அவர் எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.  பாப்பாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நிலைக்கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அங்கிருந்த மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பெரியப்பாவின் பேச்சு நீண்டது. மல்லிகை ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கியது. வெயிலில் கருகும் மல்லிகையின் வாசம் திகட்டும், எங்கள் ஊர்ச் சந்தையில் விலைபோகாத மூட்டைகளில் அந்த வாசம் வரும். முதலில் கவனித்தவர் மாமியார்தான்.

"பூ வெயில்ல கீது சம்பந்தி. உள்ள எட்த்து வைங்களேன். வாடுது பாருங்க."

"வாடட்டும்" என்றார் அக்கா.

பெரியப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"பூவ எட்த்துகினு வந்தீங்க. வோணான்னு சொல்ற பழக்கம் எனுக்கில்ல, வாங்கிகினேன். ஆனா பாப்பா வராது."

மாமியார் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாலை, சாஸ்திரம் என்று என்னவோ இரண்டு வார்த்தை வந்தது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, அப்போ நான் என்ன பண்ணுவது என்று கேட்டார். கேட்ட தோரணையில் ஒரு மிரட்டலும் இருந்தது. அக்காவின் கணவரும் எழுந்து நின்றார். அக்கா உட்கார்ந்தபடியே அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டவர் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"நீ போ நைனா" என்றார்.

அவர்கள் போனார்கள். தட்டை எடுக்கவில்லை, எடுக்க அவர்களுக்குத் தோன்றியிருக்காது. கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் என் கை என்னை அறியாமலே அந்தச் சரத்தை நோக்கிப் போனது. இத்தனை வருஷம் அவரோடு இருந்த பழக்கம். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பாப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து, தரையில் உட்கார வைத்தார். கேட்கிற காது எந்தப் பக்கம் என்று அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாகத் தானும் உட்கார்ந்தார். குளிக்கச் சொல்லவில்லை, சாப்பிடச் சொல்லவில்லை.

"சொல்லு பாப்பா. மொதல்லேந்து சொல்லு."

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கல்யாணத்துக்கு அடுத்த வாரத்தில் நடந்த ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கினாள். முதலில் திக்கித் திக்கி வந்தது, பிறகு தானாக வந்தது. அவள் அப்பா சுவரில் சாய்ந்து நின்றபடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் அங்கே இருக்க எனக்கு மனமில்லை, எழுந்துகொண்டேன்.

பின்னால் பாப்பா மருந்துக்கடை வேலைக்கே திரும்பினாள். கோர்ட்டுக்கு நடந்தாள், விவாகரத்தும் கிடைத்தது. நாங்கள் கோவில்பதாகையில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த அக்காவை எப்போது நினைத்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மாடிப்படி ஏறும்போதும், ஏறி வந்து வெகுநேரம் ஆன பிறகும், கீழே பாப்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறைகூட அந்த அக்காவின் குரல் கேட்கவில்லை.